எஸ்டேட் கம்பெனி படிப்பகத்துக்கு கட்டடம் கட்டித் தாரோம்ங்குது, யோக்கியமான கம்பெனியான்னு எப்படிப் பாக்குறது?

மலையோரத்தான் (கேள்வி):

வணக்கம் மக்களே. குலசேகரம் தாண்டி மலையோரமா எங்க ஊரு. ஊர்ல ஒரு படிப்பகம் உண்டு, ஓட்டுக் கட்டடம், 2017 ஒக்கியில பின்பக்க ஓடு மொத்தமும் பறந்து போச்சு, அன்னையில இருந்து தார்ப்பாய் கட்டித்தான் ஓடுது. மழை வந்தா பேப்பர் வாசிக்க வந்தவன் பேப்பர வச்சுட்டு அலமாரிய நடுவுல இழுத்துப் போட கை குடுக்கணும்.

இப்ப என்னன்னா எங்க ஊரச் சுத்தி ரப்பர் வச்சிருக்க பெரிய கம்பெனி ஒண்ணு (பேரு வேண்டாம், சும்மா வம்பு, இங்கயும் கேரளாவுலயும் ஆயிரக்கணக்குல ஏக்கர் உண்டு) சிஎஸ்ஆர் பணத்துல (கம்பெனிங்க சமூகத்துக்குன்னு செலவு பண்ணுற காசு) புதுக் கட்டடம் கட்டித் தாரோம்னு மேனேஜரே நேர்ல வந்து சொன்னாரு. பதிலுக்கு வாசல்ல அவங்க பேர் போட்ட போர்டு வைக்கணும், திறப்பு விழாவுல பசுமைக்குத் துணை மக்களுக்குத் துணைன்னு ஒரு பேனர் கட்டணும், அவ்வளவுதான். கமிட்டியில பாதிப்பேர் அப்பவே கைதட்டிட்டாங்க. மீதிப்பேர் அவனுவ பேரையா நம்ம வாசல்ல எழுதணும்னு எந்திச்சுட்டாங்க. கடைசியில செயலாளரா இருக்க பாவத்துக்கு, நீயே விசாரிச்சு பொதுக்குழுவுல சொல்லுன்னு என் தலையில கட்டிட்டாங்க.

வெப்சைட்ல பாத்தேன். முதல் பக்கத்துலயே இருவாச்சி பறக்குற படம், அப்புறம் ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே பால் வெட்டுற படம், கீழ பச்சை கலர்ல சர்ட்டிபிகேட் முத்திரை. எங்க ஊர்ல கேட்டா ஒருத்தர் கம்பெனி இல்லேன்னா நாம கஞ்சி குடிச்சிருக்க மாட்டோம்ங்காரு, இன்னொருத்தர் ஓடைய நாசம் பண்ணினதே அவனுவதாம்லேங்காரு. ரெண்டு பேரும் அங்கதான் வேலை பாத்தவங்க. நான் எதை வச்சு முடிவு பண்ண? இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


பழைய கணக்கன்:

தம்பி, நாகர்கோவில்ல முப்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான், அதுல ரெண்டு மூணு தோட்டக் கம்பெனியும் உண்டு. முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன், சிஎஸ்ஆர் அவங்க கைக்காசுல செய்யுற தருமம் இல்ல. 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவு. வருஷ நிகர லாபம் 5 கோடியத் தாண்டினாலே மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும். உங்க ஊர்ல கட்டலேன்னா வேற எங்கயாவது கட்டித்தான் தீரணும், அதனால கூனிக் குறுகி வாங்க வேண்டிய தேவையே இல்ல.

அப்புறம் அந்த இருவாச்சி படமெல்லாம் அவங்களா ஆசைப்பட்டு போட்டது. அத மூடி வச்சுட்டு சட்டம் மிரட்டி எழுத வச்ச பக்கங்கள எடுத்துப் படிங்க. ஷேர் மார்க்கெட்ல இருக்க கம்பெனின்னா ஆண்டறிக்கை சும்மாவே கிடைக்கும். இல்லேன்னா எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) வெப்சைட்ல 100 ரூபா கட்டினா அந்தக் கம்பெனி தாக்கல் பண்ணின பேப்பர் எல்லாத்தையும் பாக்கலாம். பாக்கிறதுல பேலன்ஸ் ஷீட்ட விடுங்க, பின்னால ஆடிட்டர் ரிப்போர்ட்டோட ஒட்டின இணைப்புன்னு ஒண்ணு இருக்கும், பொடி எழுத்துல, யாரும் படிக்க மாட்டாங்க, அங்கதான் விஷயமே கெடக்கு. கம்பெனி வச்சிருக்க நிலத்துல எதுக்கெல்லாம் பத்திரம் அவங்க பேர்ல இல்லையோ அத, யார் பேர்ல இருக்கு, எத்தனை வருஷமா, ஏன்னு காரணத்தோட அங்க எழுதணும். 2021 ஏப்ரல்ல இருந்து கணக்குலயும் இத தனியா காட்டணும்னு ஆயிப்போச்சு. திருவிதாங்கூர் காலத்துல வாங்கினோம்னு வாயால சொல்லுற கம்பெனி இந்த இடத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, பாதி கதை அதுலயே தெரிஞ்சிரும்.

அதே இணைப்புல பிஎஃப், ஈஎஸ்ஐ மாதிரி சட்டப்படி கட்ட வேண்டிய பணத்த தகராறு எதுவும் இல்லாமலே 6 மாசத்துக்கு மேல கட்டாம வச்சிருந்தா அதையும் ஆடிட்டர் எழுதியே ஆகணும். கோர்ட்டுல தகராறுல கெடக்குறது தனியா வரும். குறிப்புகள்ல நிச்சயமில்லாத பொறுப்புன்னு ஒரு தலைப்பு வரும், அங்க நிலவரி கேஸ், தொழிலாளி கேஸ் எல்லாம் தொகையோட நிக்கும். ஒரு வருஷத்தோட நிறுத்தாம அஞ்சு வருஷ அறிக்கைய வரிசையா வச்சுப் பாருங்க தம்பி, ஒரே கேஸ் அஞ்சு வருஷமும் அசையாம நிக்கும்.


சும்மா வந்தவன்:

கட்டடத்த வாங்குங்கப்பா முதல்ல. நம்ம மரச்சாமான் கடைக்காரன் கோயிலுக்கு டியூப் லைட் குடுத்தா லைட்டு முழுக்க அவன் பேர எழுதி வெளிச்சத்தையே மறைக்கான், அதுக்கு யாராவது ஆடிட் பண்ணுனோமா?


வெட்டுக்காரி மக:

சும்மா வந்தவன் அண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு, டியூப் லைட் குடுத்தவன் கடையில எங்கம்மா 31 வருஷம் வேலை செய்யல.

செயலாளர் அண்ணே, எங்கம்மா இந்த ஜில்லாவுலதான் ஒரு எஸ்டேட்ல பால் வெட்டினாவ. எந்த எஸ்டேட்னு கேக்காதீங்க. காலைல நாலு மணிக்கு தலையில லைட்டு கட்டிட்டு போவாவ, ஒரு பிளாக்குல முந்நூறு நானூறு மரம், வெட்டி முடிச்சு, சிரட்டையில நெறஞ்ச பால வாளியில எடுத்துட்டு ஸ்டோருக்கு வரும்போது பத்து பதினொண்ணு ஆயிடும். அங்க பால்ல ஒரு கண்ணாடிக் குழாய் விடுவாங்க, மெட்ரோலாக்னு பேரு, எவ்வளவு ரப்பர் இருக்கு எவ்வளவு வெள்ளம்னு காட்டும், அந்த நம்பர வச்சுத்தான் கூடுதல் பாலுக்குள்ள காசு. அம்மா கடைசி வரைக்கும் அந்த நம்பர பாத்ததே இல்ல. சூப்பர்வைசர் குனிஞ்சு பாத்து நோட்டுல எழுதுவாரு, அம்மா வாளிய கழுவுவாவ. அவரு ஏமாத்தினாருன்னு நான் சொல்லல, நல்ல மனுஷனாவும் இருக்கலாம், ஆனா பாக்கவே விடாத ஏற்பாடு அது. நீங்க உங்க கம்பெனியப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்னா இதக் கேளுங்க, அளவு பாக்கும்போது வெட்டினவங்க பக்கத்துல நின்னு பாக்கலாமா, அவங்க கைல சீட்டு குடுப்பாங்களா.

ரெண்டாவது ரிட்டயர் ஆனவங்கள பாருங்க, வேலையில இருக்கவங்ககிட்ட கேக்காதீங்க, அவங்க பயந்துதான் பேசுவாங்க. கிராஜுவிட்டி 1972 சட்டப்படி ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 30 நாளைக்குள்ள குடுக்கணும், லேட்டானா வட்டி. எங்களுக்கு என்ன ஆச்சுன்னா குவாட்டர்ஸ காலி பண்ணு, பணம் தாரோம்னாங்க. பணம் வந்தாத்தானே வீடு கட்டி காலி பண்ண முடியும்னு அம்மா சொன்னாவ. ரெண்டு மழைக்காலம் இப்படியே போச்சு. அந்த லைன் வீட்டுல எட்டு குடும்பம் இதே மாதிரி இருந்துச்சு, தண்ணி மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். 5 ஹெக்டேருக்கு மேல, 15 பேருக்கு மேல வேலை செய்யுற தோட்டத்துக்கு வீடு, குடிதண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு, 50 பொம்பளைங்க வேலை பாத்தா பிள்ளைங்கள பாத்துக்க கிரெச்சும் வேணும்னு இருந்துச்சு. இப்ப இந்த ரெண்டு சட்டத்தையும் புது லேபர் கோடுகளுக்குள்ள சேத்துட்டாங்க. பேப்பர்ல கிரெச் இருக்கும், போய் பாத்தா உரச் சாக்கு அடுக்கியிருக்கும்.

அதனால போர்டு வைக்க முன்னால லைன் வீட்டு கக்கூச ஒருக்கா போய் பாருங்க அண்ணே. சத்தியமா விளையாட்டுக்கு சொல்லல.


மலையோரத்தான்:

அக்கா படிச்சுட்டு செத்த நேரம் சும்மா இருந்துட்டேன். எங்க ஊர்லயும் காலி பண்ணாத ரெண்டு வீடு உண்டு, நாங்க எல்லாரும் அவங்க புடிவாதக்காரங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தோம்.

அந்த சர்ட்டிபிகேட், காடு விஷயம் யாருக்காவது தெரியுமா? சாட்டிலைட் மேப்புல பாத்தா கம்பெனி நிலத்துல நெறைய இடம் சிவப்பா காடழிவுன்னு காட்டுது, பாத்தவுடனே பக்குன்னு ஆயிப்போச்சு.


மேப்பு பைத்தியம்:

சிவப்ப பாத்து அவசரப்பட்டு பொதுக்குழுவுல பேசிடாதீங்க, மானம் போயிரும், எனக்கு போயிருக்கு. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்தானே பாத்தீங்க? அதுக்கு ரப்பரும் மரம்தான், காட்டு மரமும் மரம்தான், உயரமும் அடர்த்தியும் இருந்தா போதும், பச்சை. ரப்பர் 25, 30 வருஷம் வெட்டினதும் பால் கொறையும், கடும்வெட்டு (மிச்சப் பாலையும் எடுக்குற கடைசி வெட்டு) வெட்டிட்டு மொத்தமா சாய்ச்சு மறு நடவு பண்ணுவாங்க, அந்த வருஷம் அந்த பிளாக்கு சிவப்பாயிரும். அது காடழிவு இல்ல, அறுவடை மாதிரி. அதுவும் நம்ம ஜில்லாவுல ஒக்கி வேற அடிச்சிருக்கு, 2017 நவம்பர் கடைசியில ஒரே ராத்திரில சாஞ்ச மரம் கொஞ்சமா நஞ்சமா. அந்த சிவப்புல பாதி காத்து வெட்டினது.

இதே கோளாறு மறுபக்கமும் உண்டு. உண்மையான காட்டுத் துண்ட 2000க்கு முன்னாலயே வெட்டி ரப்பர் வளத்திருந்தா அதுவும் மேப்புல பச்சையாத்தான் தெரியும். அதனால கூகுள் எர்த்த கம்ப்யூட்டர்ல தொறந்து பழைய படங்கள வருஷம் வருஷமா நகத்திப் பாருங்க. ரப்பர் வரிசையா சீப்பு வாரின மாதிரி தெரியும், காடு காலிஃபிளவர் மாதிரி தெரியும். ஓடைக்கரையோரமும் பாறை இடுக்குலயும் இருந்த காலிஃபிளவர் துண்டு 2005ல எவ்வளவு, இப்ப எவ்வளவு, அதுதான் பாக்க வேண்டியது. பெரிய கம்பெனி இன்னைக்கு நூறு ஏக்கர் காட்ட வெட்ட மாட்டான், வெட்ட முடியாது. ஒவ்வொரு மறு நடவுக்கும் ஓரத்துல ரெண்டு வரிசை கூட வப்பான், ஓடை அப்படியே ஒடுங்கும்.

முத்திரை விஷயம். எஃப்எஸ்சின்னா (காட்ட ஒழுங்கா பாத்துக்கிடுறாங்கன்னு சான்று குடுக்குற உலக அமைப்பு) அந்தக் கோட் நம்பர அவங்க வெப்சைட்ல போட்டுத் தேடுங்க, எந்தெந்த எஸ்டேட்டுக்கு குடுத்திருக்குன்னு வரும். கேரளாவுல ரெண்டு எஸ்டேட்டுக்கு வாங்கிட்டு முத்திரைய மொத்தக் கம்பெனிக்கும் ஒட்டுற ஆளுங்க இருக்காங்க. சர்ட்டிபிகேட் 5 வருஷம், நடுவுல வருஷா வருஷம் ஆடிட், அதோட பொதுச் சுருக்கத்துல என்னென்ன குறை கண்டாங்க, பெரிய குறையா சின்ன குறையா, எப்ப சரி பண்ணுனாங்கன்னு இருக்கும். குறையே இல்லாத ரிப்போர்ட்டப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும். அப்புறம் ஐரோப்பாவுல ஒரு சட்டம் கொண்டு வந்திருக்காங்க, காட்ட அழிச்ச நிலத்து ரப்பர் உள்ள வரக்கூடாதுன்னு, அமலாகுறதுதான் தள்ளித் தள்ளிப் போகுது. கம்பெனிக்காரங்க இப்பவே அதுக்கு நாங்க ரெடின்னு மார்தட்டுவாங்க. அதுல கணக்கு 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் அழிச்ச காட்டுக்கு மட்டும்தான். நூறு வருஷம் முன்னால மலைய மொட்டையடிச்ச எஸ்டேட்டுக்கு அதுல பாஸாகுறது ஒரு பெரிய விஷயமே இல்ல.


ஓடைக்கரை விவசாயி:

எனக்கு சுருளகோடு பக்கம். மேப்பு தெரியாது, ஓடை தெரியும். மறு நடவுன்னு தம்பி சொன்னாருல்லா, அந்த முதல் மூணு வருஷந்தான் எங்களுக்கு நாசம். ஜேசிபி வச்சு சரிவ வெட்டி தட்டு தட்டா ஆக்குவாங்க, எடைவெளிய அன்னாசி போடுறவங்களுக்கு மூணு நாலு வருஷத்துக்கு பாட்டத்துக்கு விட்டுருவாங்க. கைதச்சக்கை (அன்னாசிதான்) போட்டா காசு, ஆனா களைக்கொல்லி அடி, காய் ஒண்ணுபோல வர ஹார்மோன் அடி. கம்பெனி மேனேஜர்கிட்ட போய் கேட்டா நாங்க அடிக்கலேன்னு சொல்லுவாரு, பொய்யும் இல்ல. பாட்டக்காரன் அடிச்சான், பாட்டக்காரன்கிட்ட வேலை செஞ்ச வடநாட்டுப் பயலுவ அடிச்சாங்க, அவனுக்கு கையுறையும் கெடையாது. கிளைபோசேட்ட லைசென்ஸ் உள்ள ஆள் மூலமாத்தான் அடிக்கணும்னு 2022ல மத்திய அரசு உத்தரவே போட்டுச்சு, இங்க எந்த லைசென்ஸ்காரன நான் கண்டேன்? கம்பெனியோட பச்சை ரிப்போர்ட்டுல இந்த மூணு வருஷமும் வராது, ஏன்னா அது அவங்க பயிர் இல்ல. அத தனியா கேளுங்க, பாட்டத்துக்கு விட்டது எத்தனை ஏக்கர், அக்ரிமெண்ட்ல மருந்தப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு.

மண்ணையும் பாருங்க. எளங்கன்று நிக்குற சரிவுல பயறுக்கொடி படர விட்டிருந்தா அவன் கொஞ்சம் மனுஷன். செம்மண்ணு வெறுசா தெரிஞ்சா முதல் இடவப்பாதி மழைக்கு உங்க ஓடை டீ கலர்ல வரும். ஐப்பசி மழையில நீங்களே போய் பாலத்துல நில்லுங்க, கம்பெனி எல்லைக்கு மேல ஒரு பாட்டில், கீழ ஒரு பாட்டில் பிடிங்க, பொதுக்குழுவுல மேசை மேல வைங்க. வேற எதுவும் பேச வேண்டாம்.

பால் ஃபாக்டரி இருந்தா இன்னும் ஒண்ணு. ஸ்கிம் பால் (கெட்டி ரப்பர் பால பிரிச்ச பிறகு மிஞ்சுறது) உறைய கந்தக அமிலம் ஊத்துவாங்க, அந்தக் கழிவு சரியா சுத்தம் பண்ணாம குட்டையில கெடந்தா அழுகின முட்டை வாடை வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகுதான்னு கேட்டுப் பாருங்க. எங்க வீட்டுல மாசம் ஒருக்கா பல்பொடி போட்டு தேய்ச்சுட்டு இருந்தோம், ஃபாக்டரி மூணு மாசம் மூடிக் கெடந்தப்போ கறுக்கல. லேபும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.


பழைய கணக்கன்:

விவசாயி அண்ணாச்சி சொன்னதுக்கு பேப்பரும் உண்டு. ஃபாக்டரி ஓட்ட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவாணை வேணும், எவ்வளவு கழிவு எப்படி விடலாம்னு நிபந்தனையோட. கம்பெனி தனியார், அவங்ககிட்ட ஆர்டிஐ செல்லாது, ஆனா வாரியத்துகிட்ட இருக்க நகலுக்கு செல்லும். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள். பிஎஃப் வெப்சைட்லயும் நிறுவனம் பேர் போட்டா மாசா மாசம் எத்தனை பேருக்கு கட்டினாங்கன்னு தெரியும். மரம் அவ்வளவும் நிக்குது, ஆள் மட்டும் கொறைஞ்சுட்டே வருதுன்னா வேலை காண்ட்ராக்டர் கைக்கு போயிருச்சுன்னு அர்த்தம்.


தாமிரபரணிக்காரன்:

நான் நெல்லை. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோங்க, குத்தகை எப்ப முடியுது. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட் 1929ல சிங்கம்பட்டி ஜமீன் குடுத்த 99 வருஷக் குத்தகை, 8,373 ஏக்கர், 2028 வரைக்கும். முடிய நாலு வருஷம் முன்னால, 2024லயே தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வுன்னு பேப்பர் நீட்டியாச்சு. அந்த நிலம் காடாகுறது நல்லதுதான்னு நானும் சொல்லுவேன், ஆனா அங்கயே நாலஞ்சு தலைமுறையா பொறந்தவனுக்கு எறங்கிப் போக ஒரு ஊர் வேணும்லா. கூலி கேட்டு ஊர்வலம் போன அந்தத் தொழிலாளிகளுக்காகத்தான் 1999 ஜூலை 23ல 17 பேர் ஆத்துல செத்தாங்க. உங்க கம்பெனி நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகைன்னா முடியுற வருஷம் என்ன, அன்னைக்கு லைன் வீட்டுக்காரங்களுக்கு என்ன திட்டம்? சொந்த நிலம்னாலும் கேளுங்க, தோட்டம்ங்கிறதுக்காகத்தான் நில உச்சவரம்புச் சட்டத்துல விலக்கு. அங்க ரிசார்ட்டோ குவாரியோ முளைச்சா அது வேற கதை.


சும்மா வந்தவன்:

சரி ஒத்துக்கிடுதேன், டியூப் லைட் கணக்கு வேற. ஆனாலும் ஒரு சந்தேகம், இவ்வளவும் பாத்து கம்பெனி மோசம்னு வந்தா படிப்பகத்துக்கு தார்ப்பாயேதானா? அரசாங்க ரப்பர் கழகம் 1984ல இருந்து இருக்கு, தனியார் இருக்கு, ஒரு ஏக்கர் வச்சிருக்க நம்ம மாமன் மச்சான் இருக்கான், மருந்து அடிக்காதவன் எவன்?


வெட்டுக்காரி மக:

நம்ம மாமன் அடிச்சா மாமன் பேர படிப்பகத்து வாசல்ல எழுதச் சொல்லல அண்ணே. கட்டடத்த வாங்கிக்கிடலாம், பசுமைன்னு பேனர் கட்டுறதுதான் நாம குடுக்கிற சர்ட்டிபிகேட். அது ரெண்டையும் பிரிச்சுப் பேசுங்க.


மலையோரத்தான்:

மூணு வாரம் கழிச்சு வாரேன், எல்லாருக்கும் நன்றி. நடந்தத சொல்லுதேன்.

ஆண்டறிக்கை அஞ்சு வருஷம் எடுத்தேன். பிஎஃப் பாக்கி இல்ல, அது நல்ல விஷயம், சொல்லணும்ல. நிலப் பத்திரம் பகுதியில ஒரு துண்டு இன்னும் பழைய கம்பெனி பேர்லயே நிக்குது, காரணம் அஞ்சு வருஷமும் ஒரே வரி, எழுத்து மாறல. முத்திரை கேரளா எஸ்டேட்டுக்கு மட்டும்தான், மேப்பு தம்பி சொன்ன மாதிரியே. ஏ-பதிவேட்டுல (கிராமத்து நில விவரப் பதிவேடு) மூணு சர்வே நம்பர் குத்தகைன்னு வருது, முடியுற வருஷம் கேட்டு மனு போட்டிருக்கேன், வாரியத்துக்கும் ஒண்ணு ரிஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு.

மெட்ரோலாக் கேள்விய மேனேஜர்கிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு, அப்புறம் பாக்கலாமே, யாரும் கேட்டதில்லன்னாரு. மறுநாள் எங்க பக்கத்து வீட்டு அக்கா ஸ்டோர்ல குனிஞ்சு பாத்திருக்காங்க, நம்பர் புரியலயாம், அதனால இப்ப படிப்பகத்துல சாயங்காலம் ஒரு மெட்ரோலாக் கடன் வாங்கி வச்சு எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிக் குடுக்கோம், ஏழெட்டு பேரு வாராங்க.

லைன் வீட்டுக்கும் போனேன் அக்கா. கக்கூஸ் நாலு, கதவு ரெண்டு.

பொதுக்குழுவ ஓணத்துக்கு அப்புறம்னு தள்ளி வச்சாச்சு. கதவு விஷயமும் காலி பண்ணாத அந்த ரெண்டு வீட்டு கிராஜுவிட்டியும் எழுதி மேனேஜர்கிட்ட குடுத்திருக்கோம், கமிட்டியில கைதட்டினவங்களும் எந்திச்சவங்களும் சேந்துதான் கையெழுத்து போட்டாங்க. ஐப்பசியில பாலத்துல நிக்க ரெண்டு பாட்டில் கழுவி வச்சிருக்கேன்.